ஒரே துப்பாக்கிச் சூட்டுக்கு ஏன் இத்தனை காரணங்கள்?

துப்பாக்கிச் சூட்டுச் செய்தி ஒன்று வந்ததும் ஒருவர் வளர்ப்பு சரியில்லை என்கிறார், அடுத்தவர் வறுமை என்கிறார், மூன்றாமவர் துப்பாக்கி எளிதில் கிடைப்பதுதான் காரணம் என்கிறார், நான்காமவர் வீடியோ கேமைக் கைகாட்டுகிறார். இவர்களில் யார் சொல்வது சரி, பொதுமக்கள் சொல்வதும் ஆய்வாளர்கள் சொல்வதும் ஏன் ஒத்துப்போவதில்லை, மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோர் தன் கும்பல்களை அடக்கிக் காட்டிய பிறகும் காரணம் தேடிக்கொண்டிருப்பது வீண் வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: மக்கள் ‘காரணம்’ என்ற சொல்லைச் சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள்? அந்தச் சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இதற்கு யார் பொறுப்பு என்பது ஒன்று. எது மாறினால் இது குறையும் என்பது மற்றொன்று. பொதுமக்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கும் ஆய்வாளர்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்கிறார்கள். அதனால்தான் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுவதில்லை.

நான் சமூகவியல் படித்துவிட்டுப் பல ஆண்டுகளைக் கருத்துக்கணிப்பு வினாத்தாள்கள் தயாரிப்பதிலும், வந்த பதில்களை வகைபிரிப்பதிலும் கழித்தவன். காவல்துறையிலோ சிறையிலோ பணிபுரிந்தவன் அல்லன். ஆகவே மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை நேரடி அனுபவத்திலிருந்தும், வன்முறை எப்படி நிகழ்கிறது என்பதைப் பிறருடைய ஆய்வுகளைப் படித்த அறிவிலிருந்தும் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவையாக இருப்பதற்குக் காரணம், இந்த இரண்டு பொருள்களிலும் மிக நீண்ட காலம் ஆய்வு நடந்த நாடு அது என்பதே. அங்கே பொருந்துவது எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் தொழில் இரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்துக் காரணங்களை அச்சிட்டு, இவற்றுள் முக்கியமானது எது என்று கேட்டால், மக்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து நிற்பதுபோல் முடிவு வரும். அதே மனிதர்களிடம் வெற்றுக் கட்டம் ஒன்றைக் கொடுத்து, உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள் என்றால் நிலைமை வேறு. தந்தை இல்லாத வீடு, வேலை இல்லாத தெரு, கைக்கெட்டும் துப்பாக்கி, கண்டுகொள்ளாத காவல்துறை என்று மூன்று நான்கு காரணங்களை ஒரே வாக்கியத்தில் கோத்து எழுதுபவர்கள் ஏராளம். அந்த வாக்கியத்தை ஒரே எண்ணாகச் சுருக்கிப் பட்டியலில் ஏற்றும் வேலையைத்தான் நான் ஆண்டுக்கணக்கில் செய்தேன். செய்தித்தாளில் நீங்கள் பார்க்கும் ‘இத்தனை சதவீதம் பேர் இதையே காரணம் என்கிறார்கள்’ என்ற வரிக்குப் பின்னால் அப்படிக் கத்தரிக்கப்பட்ட வாக்கியங்கள் பல உண்டு. மக்கள் ஒற்றைக் காரணத்தை நம்புகிறார்கள் என்ற எண்ணத்தில் ஒரு பங்கு, நாங்கள் கேட்ட விதத்தால் உருவானது.

ஆனால் முழுப் பழியையும் வினாத்தாள் மேல் போட முடியாது. கேள்வியைக் கேட்டவுடன் பதில் சொல்பவர் மனத்தில் எந்தத் துப்பாக்கிச் சூடு எழுகிறது என்பது மிக முக்கியம். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 26,328 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 20,958 பேர். பள்ளியிலோ கடைத்தொகுதியிலோ ஒருவன் புகுந்து பலரைச் சுடும் நிகழ்வுகளில் இறப்பவர்கள், எந்த வரையறையை எடுத்துக்கொண்டாலும், மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. ஆனால் உலகம் முழுவதும் பல நாள் திரையில் ஓடுவது அந்தச் சிறிய பங்குதான். 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் நடந்ததும், 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டதும் நினைவில் இருப்பவரிடம் காரணம் கேட்டால், அவர் ஒரு விபரீத மனத்தைத்தான் தேடுவார். மனநோய் என்பார், விளையாட்டு என்பார். இரவில் தெருமுனையில் நடந்த பழிவாங்கல் கொலையை நினைத்துக்கொண்டவர் கும்பல் என்பார், போதைப்பொருள் என்பார். தனி அறையில் தன்னையே சுட்டுக்கொண்ட முதியவரை நினைத்துப் பதில் சொல்பவரை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. எனவே யார் சொல்வது சரி என்ற உங்கள் கேள்விக்கு என் முதல் பதில், எந்தச் சாவைப் பற்றி என்ற எதிர்க்கேள்விதான்.

எந்தச் சாவு நினைவுக்கு வரும் என்பதைச் செய்தி ஊடகம் பெருமளவு தீர்மானிக்கிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர் சாந்தோ ஐயங்கார். 1980களில் அவர் செய்த சோதனைகளில், தனி மனிதர் ஒருவரின் கதையாகச் சொல்லப்பட்ட தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்தவர்கள் பொறுப்பை அந்த மனிதர் மேல் சுமத்தும் பக்கம் சாய்ந்தார்கள். அதே பிரச்சினையைப் புள்ளிவிவரம், போக்கு, கொள்கை என்று விரித்துச் சொன்ன செய்தியைப் பார்த்தவர்கள் சமூகத்தையும் அரசையும் நோக்கித் திரும்பினார்கள். எல்லாப் பிரச்சினைக்கும் இந்த விளைவு ஒரே அளவில் இல்லை என்பதையும் அவரே காட்டினார். குற்றச் செய்தி அநேகமாக எப்போதும் முதல் வகை. கேமரா போவது இரத்தம் சிந்திய இடத்துக்கு. கைவிலங்கு மாட்டிய முகம், அழும் தாய், காவல்துறை கட்டிய மஞ்சள் நாடா. முப்பது ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் ஆலையைக் காட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஐயங்காரும் பிராங்க் கில்லியமும் 2000இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு எனக்கு எப்போதும் சங்கடம் தருவது. லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் சிலருக்கு உள்ளூர்ச் செய்தித் தொகுப்பு ஒன்றைக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குச் சந்தேக நபர் கறுப்பினத்தவர். இன்னொரு குழுவுக்கு அதே முகம், கணினியில் நிறம் மட்டும் மாற்றி வெள்ளையர். மூன்றாவது குழுவுக்குச் சந்தேக நபரின் படமே இல்லை. படமே பார்க்காத அந்தக் குழுவில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் சந்தேக நபரைப் பார்த்ததாக நினைவுகூர்ந்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் அவர் கறுப்பினத்தவர் என்றார்கள். செய்தியில் விட்டிருந்த வெற்றிடத்தை மனம் தானே நிரப்பிக்கொண்டது. கும்பல் வன்முறைக்குக் காரணம் ஓர் இனத்தின் பண்பாடு என்று உறுதியாகச் சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை; தாங்கள் கண்ணால் கண்டதைச் சொல்வதாகவே அவர்கள் நம்புகிறார்கள்.

வல்லுநர்கள் இந்த நோய்க்கு அப்பாற்பட்டவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1995இல் ஜான் டிலூலியோ என்ற அரசியல் அறிவியலாளர், மனச்சாட்சியே இல்லாத இளம் குற்றவாளிகளின் தலைமுறை ஒன்று வருகிறது என்று எச்சரித்து அவர்களுக்கு ‘சூப்பர் பிரிடேட்டர்’ (மிகக் கொடிய வேட்டை விலங்கு) என்று பெயரிட்டார். 2010க்குள் இப்படிப்பட்டவர்கள் 2,70,000 பேர் கூடுவார்கள் என்று கணக்கும் போட்டார். ஒழுக்கம் வற்றிய வீடுகள்தான் வேர் என்பது அவர் விளக்கம். மக்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே நம்பியதற்கு அது பல்கலைக்கழக முத்திரை குத்தித் தந்தது. மாநிலங்கள் சிறுவர்களைப் பெரியவர்களாக விசாரிக்கும் சட்டங்களை விரிவாக்கின. ஆனால் அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்திலேயே சிறார் வன்முறை இறங்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தலைமுறை வரவேயில்லை. பின்னாளில் தம் கணிப்புத் தவறு என்று ஒப்புக்கொண்ட டிலூலியோ, சிறார்க்குப் பரோல் இல்லாத கட்டாய ஆயுள் சிறை விதிப்பதை எதிர்த்து 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மில்லர் வழக்கில், அந்தத் தண்டனைக்கு எதிரான மனுவில் மற்ற ஆய்வாளர்களோடு கையொப்பமிட்டார். அதற்குள் பல சிறுவர்கள் சிறையில் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள்.

அளவைப் பற்றிய எண்ணமும் இதே வழியில்தான் கோணுகிறது. அமெரிக்காவில் கொலை விகிதம் 1991இல் ஒரு லட்சம் பேருக்கு 9.8 ஆக இருந்தது, 2014இல் 4.4 ஆகக் குறைந்தது. இது சிறிய மாற்றம் அல்ல. ஆனால் கேலப் நிறுவனம் 1993 முதல் நடத்திய கணிப்புகளில் பெரும்பாலானவற்றில், நாட்டில் குற்றம் சென்ற ஆண்டைவிடக் கூடிவிட்டது என்றவர்கள் 60 சதவீதத்துக்குக் குறையவில்லை. உங்கள் பகுதியில் எப்படி என்று கேட்டால் கூடிவிட்டது என்பவர்கள் அவ்வளவு பேர் இல்லை. தன் தெருவைக் கண்ணால் பார்க்கிறார்கள்; நாட்டைத் திரையில் பார்க்கிறார்கள். 2020இல் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 சதவீதம் உண்மையாகவே கூடின என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்; மக்கள் எப்போதும் தவறு என்று எழுதிவிட்டுப் போவதும் சோம்பேறித்தனம்தான்.

இப்போது சற்றுக் கசப்பான பகுதி. நாம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதற்கேற்ற தீர்வைத் தேடுவதாக நினைக்கிறோம். என் அனுபவத்தில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: எந்தத் தீர்வை ஏற்க மனம் தயாராக இருக்கிறதோ அதற்குப் பொருந்தும் காரணத்தையே மனம் தேர்ந்தெடுக்கிறது. கொலம்பைனுக்குப் பிறகும், 32 பேர் கொல்லப்பட்ட 2007 வர்ஜீனியா டெக் நிகழ்வுக்குப் பிறகும், பழி யார்மேல் விழுகிறது என்பதை மார்க் ஜோஸ்லினும் டொனால்டு ஹைடர்-மார்க்கெலும் ஆராய்ந்தார்கள். கட்சிச் சார்புக்கு ஏற்பப் பழி பிரிந்து விழுந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள், துப்பாக்கி எளிதில் கிடைப்பதைக் காரணமாகச் சொல்லத் தயங்கினார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, வயது வந்தோரில் 32 சதவீதம் பேர் தம்மிடம் துப்பாக்கி உண்டு என்றார்கள். அவர்களில் 72 சதவீதம் பேர் தற்காப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். குடும்பத்தைக் காக்கவே அலமாரியில் வைத்திருக்கிறேன் என்று நம்பும் ஒருவரிடம், அந்தப் பொருளே கேட்டின் வேர் என்றால் அவர் தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். அதே கணிப்பில், துப்பாக்கி வைத்திருப்பது பாதுகாப்பைக் கூட்டுகிறது என்றவர்கள் 49 சதவீதம், குறைக்கிறது என்றவர்களும் 49 சதவீதம். எதிர்த்தரப்பும் தூய்மையானது அல்ல. துப்பாக்கியை வெறுப்பவர்கள், கும்பலில் சேரும் இளைஞன் தானாகச் செய்த தேர்வு என்று எதுவுமே இல்லை என்பதுபோல் பேசுவதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன்; ஏனென்றால் தேர்வு என்று ஒப்புக்கொண்டால் கடுமையான தண்டனைக்கு வாசல் திறந்துவிடும் என்ற அச்சம்.

இனி ஒவ்வொரு காரணத்தின் தரத்தையும் நீங்கள் கேட்டபடி எடைபோடுகிறேன். மனநோயும் வீடியோ கேமும் பற்றி விரைவாகவே முடித்துவிடலாம். கடும் மனநோயை முற்றாக ஒழித்துவிட்டாலும் மனிதர் மேல் மனிதர் செய்யும் வன்முறையில் குறைவது ஏறத்தாழ 4 சதவீதம்தான் என்பது மனநோய்க்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஜெஃப்ரி ஸ்வான்சனின் நெடுநாளைய மதிப்பீடு. மனநோய்க்கும் துப்பாக்கிக்கும் உள்ள பெரிய தொடர்பு தற்கொலையில் இருக்கிறது, கொலையில் அல்ல. விளையாட்டைப் பொறுத்தவரை, வன்முறைக் காட்சிகள் சிறிய அளவில் எரிச்சலையும் முரட்டுத்தனத்தையும் தூண்டலாம் என்பதில் வாதம் தொடர்கிறது. ஆனால் கொலைபோன்ற வன்முறையோடு இணைக்கப் போதுமான சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020இல் மீண்டும் அறிவித்தது. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் இளைஞர்கள் அதே விளையாட்டுகளில் மூழ்கிக் கிடக்கிறார்கள். அங்கே துப்பாக்கிச் சாவு மிக மிக அரிது. இந்த இரு விளக்கங்களும் பரவலாக இருப்பதற்குக் காரணம் அவற்றால் யாருக்கும் செலவில்லை என்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

வறுமை என்ற பதில் பாதி சரி. அது எந்தப் பாதி என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. கிளிஃபோர்டு ஷாவும் ஹென்றி மெக்கேயும் சிகாகோவின் பல பத்தாண்டுப் பதிவுகளை வரைபடத்தில் குறித்து 1942இல் வெளியிட்டார்கள். ஒரே பேட்டையில் முதலில் குடியேறிய இனத்தார் வெளியேறி அடுத்த இனத்தார் வந்து, அவர்களும் போய் இன்னொருவர் வந்தபோதும், சிறார் குற்றம் அதிகமாக இருந்த இடங்கள் அதிகமாகவே நீடித்தன. குடியிருப்பவர்கள் மாறினார்கள், இடத்தின் விகிதம் மாறவில்லை. இரத்தத்திலும் பண்பாட்டிலும் காரணம் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியாது. ஆனால் வறுமை தானாகத் துப்பாக்கியைத் தூக்குவதில்லை. ஒரே அளவு ஏழையான இரண்டு பேட்டைகளில் ஒன்று அமைதியாகவும் மற்றது இரத்தக்களரியாகவும் இருப்பதுண்டு. சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து ராபர்ட் சாம்ப்சனும் உடனாய்வாளர்களும் 1997இல் சொன்னது, அயலார் ஒருவரையொருவர் நம்பி, தெருவில் தகராறு என்றால் தலையிடத் தயாராக இருக்கும் இடங்களில், வறுமைக்கு உரிய இடத்தைக் கொடுத்த பிறகும், வன்முறை குறைவாக இருந்தது என்பதே. வளர்ப்பு சரியில்லை என்று சொல்பவர் தடவித் தேடுவது ஏறத்தாழ இதைத்தான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவர் அதை ஒரு வீட்டுக்குள் தேடுகிறார், அது இருப்பது தெருவில்.

ஏழைப் பேட்டை என்ற சொல்லும் மிகப் பரந்தது. பாஸ்டன் நகரில் 1990களின் நடுவில் டேவிட் கென்னடியும் உடனிருந்தவர்களும் கணக்கெடுத்தபோது, 61 கும்பல்களில் சுமார் 1,300 பேர் இருந்தார்கள். நகரத்தின் அந்த வயதினரில் 1 சதவீதத்துக்கும் குறைவு. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் இவர்களைச் சார்ந்தது. சிகாகோவில் 2006 முதல் 2014 வரை ஒன்றாகக் கைது செய்யப்பட்டவர்களை நூலால் இணைப்பதுபோல் இணைத்து 1,38,163 பேர் கொண்ட வலை ஒன்றை ஆண்ட்ரூ பாப்பக்ரிஸ்டோசும் உடனாய்வாளர்களும் வரைந்தார்கள். அந்த வலைக்குள் நிகழ்ந்த துப்பாக்கிக் காயங்களில் 63 சதவீதம், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றுபோல் பரவியதாக அவர்களின் மாதிரி கணக்கிட்டது. சுடப்பட்டவனின் நண்பன் அடுத்துச் சுடப்படுகிறான், அல்லது சுடுகிறான். இதனால் பொதுப்புத்தியின் இன்னொரு பிரிவினையும் உடைகிறது: குற்றவாளி ஒரு வகை மனிதன், பலியானவன் வேறு வகை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம், இந்த வலைக்குள் அவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள், நாள்தான் வேறு. சண்டையின் தொடக்கமும் பலமுறை அற்பமானது. போதைப்பொருள் சந்தைக்கான போர் என்று வெளியிலிருப்பவர் எண்ணுவது, நெருங்கிப் பார்த்தால், ஒருவன் மற்றவனைக் கூட்டத்தில் இழிவுபடுத்தியதிலோ இணையத்தில் கிண்டலடித்ததிலோ தொடங்கியிருக்கும். சுட்டவன் பிடிபடுவதும் அரிது. அமெரிக்காவில் 2021, 2022 ஆண்டுகளில் கொலை வழக்குகளிலேயே ஏறத்தாழ பாதிதான் துலங்கின, உயிர் தப்பிய துப்பாக்கிக் காய வழக்குகளில் நிலைமை இன்னும் மோசம். சட்டம் கணக்குத் தீர்க்காத இடத்தில் தாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வேர்விடுவது இயல்பு. காவல்துறை கண்டுகொள்வதில்லை என்று வெற்றுக் கட்டத்தில் எழுதிய மனிதர்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வினாத்தாளின் பட்டியலில் அதற்கு இடமே இல்லாமல் ‘மற்றவை’ என்று நான் எண்ணிட்டதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

துப்பாக்கி கிடைப்பது பற்றி உறுதியானதும் உறுதியற்றதும் கலந்து கிடக்கின்றன. சண்டையின் முடிவை ஆயுதம் மாற்றுகிறது என்பது உறுதி: சிகாகோவின் தாக்குதல் வழக்குகளை ஆராய்ந்து 1968இல் பிராங்க்ளின் சிம்ரிங், துப்பாக்கித் தாக்குதல் கத்தித் தாக்குதலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு உயிர்பறிப்பது என்று காட்டினார், பின்வந்த ஆய்வுகளும் அந்தத் திசையையே உறுதிசெய்தன. வீட்டில் துப்பாக்கி இருந்தால் தற்கொலைச் சாவு கூடும் என்பதும் உறுதி. ஆனால் குறிப்பிட்ட ஒரு சட்டம் எத்தனை உயிரைக் காத்தது என்பது பல இடங்களில் வாதத்துக்கு உரியது. ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின் ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. அதன் பின் துப்பாக்கிச் சாவுகள் குறைந்தன. ஆனால் முன்பே குறைந்துகொண்டிருந்த போக்கிலிருந்து சட்டத்தின் பங்கை எவ்வளவு பிரித்தெடுக்கலாம் என்பதில் ஆய்வாளர்கள் ஒருமிக்கவில்லை. இந்த மங்கலுக்கு அறிவியல் மட்டும் காரணம் அல்ல. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பரப்ப அரசு நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1996இல் நிறைவேற்றிய டிக்கி திருத்தத்தால், நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தத் துறை ஆய்விலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒதுங்கியே இருந்தது. 2019 இறுதியில்தான் மீண்டும் 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது, அதிலும் பாதி வேறொரு நிறுவனத்துக்கு.

சுவீடனைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் துப்பாக்கிச் சட்டம் கடுமையாக இருந்தால் போதும் என்பவர்களை அது தடுமாற வைக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் துப்பாக்கிக் கொலை குறைந்துவந்த காலத்தில் அங்கே கூடியது. அந்நாட்டுக் குற்றத்தடுப்பு மன்றம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஐரோப்பிய சராசரி சுமார் 1.6, சுவீடனில் சுமார் 4. குடியேற்றம்தான் காரணம் என்று ஒரு சாராரும், புறநகர்களில் தேங்கிய வேலையின்மையும் பிரிவினையும்தான் காரணம் என்று மறு சாராரும் தேர்தலுக்குத் தேர்தல் மோதிக்கொள்கிறார்கள். சிகாகோவின் பழைய வரைபடத்தைப் பார்த்தவனுக்கு இரு தரப்பும் ஒரே யானையைத் தடவுவதாகவே தெரியும்; எனினும் சிறிய கும்பல்கள் பதினைந்து பதினாறு வயதுப் பையன்களை ஏவிவிடும் வேகம் அந்தப் பழைய வரைபடத்தில் இல்லாதது.

எல் சால்வடோருக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் கூர்முனை அங்கேதான் இருக்கிறது. அங்கே 2015இல் 6,600க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. ஒரு லட்சம் பேருக்கு நூறுக்கு மேல். 2022 மார்ச் இறுதியில், ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டதற்கு மறுநாள், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதன்பின் 80,000க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் மேல். கொலை விகிதம் மிகக் கீழே விழுந்தது. 2024 பிப்ரவரியில் அதிபர் நயீப் புக்கேலே 80 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளோடு மீண்டும் வென்றார். இதைப் பொய் என்று தள்ளுவது முட்டாள்தனம். கப்பம் கட்டாமல் கடை திறக்கவும் கும்பல்கள் போட்ட எல்லையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போகவும் முடிகிறது என்று மகிழும் தாய்க்கு, காரணங்களைப் பற்றிய என் நீண்ட பதில் எரிச்சலைத்தான் தரும்.

ஆயினும் மூன்று விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். நெருக்கடி நிலைக்கு முன்பே, 2015க்கும் 2021க்கும் இடையில், கொலை விகிதம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டிருந்தது. கும்பல் தலைவர்களோடு இரகசியமாகப் பேரம் பேசியதாக அந்நாட்டு அதிகாரிகள்மேல் 2021 டிசம்பரில் அமெரிக்க நிதித்துறை தடை விதித்ததும் பதிவில் உள்ளது. 2003இல் தொடங்கிய ‘இரும்புக் கரம்’ என்ற முந்தைய கொள்கையும் இதேபோல் கைது செய்தது. அப்போது சிறைகளே கும்பல்களின் தலைமையகங்களாகி, அவை முன்னைவிட ஒழுங்காக அமைப்பாயின. அந்தக் கும்பல்களின் பிறப்பிடமோ எல் சால்வடோரே அல்ல: உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடியவர்களின் பிள்ளைகள் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் சேர்ந்த எம்எஸ்-13, பேரியோ 18 என்ற கும்பல்கள், 1990களில் ஆட்களை நாடு கடத்தியபோது போருக்குப் பின் நொறுங்கிக் கிடந்த நாட்டில் வந்து இறங்கின. எது மாறினால் குறையும் என்ற கேள்விக்கு, எல்லோரையும் அடைத்தால் குறையும் என்பது உண்மையான ஒரு பதில்தான்; அடைத்தவர்களில் எத்தனை பேர் தவறாகப் பிடிக்கப்பட்டார்கள், கதவு திறக்கும் நாளில் என்ன நடக்கும் என்பவை அந்தப் பதிலின் விலைச்சீட்டில் இன்னும் நிரப்பப்படாத கட்டங்கள்.

கைதுக்கும் பரிவுக்கும் நடுவில் வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பாஸ்டனில் 1996இல் தொடங்கிய ‘சீஸ்ஃபயர்’ (போர்நிறுத்தம்) திட்டத்தில், முன்பு சொன்ன அந்தச் சிறு எண்ணிக்கை ஆட்களை நேரில் அழைத்து, சுட்டால் கும்பல் முழுவதற்கும் காவல்துறையின் நெருக்கடி, விட்டுவிட்டால் உதவி என்று சொன்னார்கள்; இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததோடு அது இணைத்துப் பேசப்பட்டது. தேசிய ஆய்வு மன்றம் 2005இல், அந்தக் குறைவு முழுவதும் இத்திட்டத்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. வேறு நகரங்களில் பின்னர் நடந்த மதிப்பீடுகளைப் பார்த்து, பயன் உண்டு, ஆனால் தொடக்கத்தில் பேசப்பட்ட அளவுக்கு இல்லை என்ற பக்கம் நான் சாய்கிறேன். ஸ்காட்லாந்தில் 2005இல் அமைந்த வன்முறைக் குறைப்புப் பிரிவு கத்திக்குத்துகளை நோயைப்போல் அணுகியது. அந்நாட்டில் ஆண்டுக் கொலை எண்ணிக்கை இப்போது அந்தக் காலத்து எண்ணிக்கையில் பாதிக்கும் கீழே. அங்கும் காரணத்தை நிறுவுவது கடினம்தான்.

ஆகவே, ஆய்வையும் மக்கள் கருத்தையும் நெருங்க வைக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், என் கையில் இருப்பது கேள்வித்தாள் மட்டுமே. ‘துப்பாக்கி வன்முறைக்கு முக்கியக் காரணம் என்ன’ என்ற வரியை இன்று எழுதச் சொன்னால் நான் எழுதமாட்டேன். அதை இரண்டாக உடைப்பேன். சென்ற மாதம் நடந்த குறிப்பிட்ட ஒரு நிகழ்வை நாலு வரியில் விவரித்து, இதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் யார் யார் என்று முதலில் கேட்பேன், விரும்பியபடி கோபப்படட்டும். பக்கத்தைத் திருப்பியதும், அடுத்த ஆண்டு இதே தெருவில் இப்படி ஒன்று நடக்காதிருக்க எதை மாற்றலாம், அதற்கு நீங்கள் என்ன விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டு, பதிலுக்குப் பெரிய வெற்றுக் கட்டம் ஒன்றை விட்டுவைப்பேன்.